நாலு நிமிடம் பதினோரு வினாடி

வூச் நகரில் நவம்பரில் மூன்றரைக்கே இருட்டிவிடும்.
பழைய நூற்பாலையின் அடித்தளத்தில்
ஜன்னலே இல்லாத எங்களுக்கு
அதைப் பற்றிப் புகாரும் இல்லை.

பன்னிரண்டு தவணையில் ஒன்று கட்டியாயிற்று.
பெட்டி வந்துவிட்டது:
நாலு குமிழ், ஒரு முள், பதினோரு கிலோ இரும்பு.
"மூன்று மாத வாடகை" என்றான் இரெனேயுஷ்
விலையையும் சேர்த்துத் தூக்கிப் பார்த்தவன்போல.

காலையில் ஒரு சொடக்கொலியை அனுப்பி அளந்தேன்.
இன்டர்ஃபேஸை விட்டு இறங்கி
கேபிளில் நடந்து பெட்டிக்குள் புகுந்து
மறுபடி எண்களாகித் திரும்பி வர
நானூற்றுப் பன்னிரண்டு சாம்பிள்.
ஒன்பது மில்லிசெகண்டுக்கும் சற்றுக் கீழே.
இமை தட்ட இதைப்போல் பத்து மடங்கு வேண்டும்.
இருந்தாலும் தாமதம் தாமதம்தான்,
குறித்துக்கொண்டேன், சரிக்கட்டினேன்.

சாயங்காலம் கலினாவின் குரலை வெளியே விட்டேன்.
முள் துள்ளியது.
"கொஞ்சம் இறுக்கு" என்றாள். இறுக்கினேன்.
"ம், இப்போது சதை பிடித்திருக்கிறது."
இரெனேயுஷ் கண்ணை மூடிக்கொண்டான்.
"கம்பளி மாதிரி" என்றான்.
அவன் சொன்ன கணத்திலிருந்து
எனக்கும் கேட்டது கம்பளி.

இரண்டு மணி நேரம்.
மயிரிழை இந்தப் பக்கம்,
அரை மயிரிழை அந்தப் பக்கம்.
பீட்ரூட் சூப் ஆறிப்போய்
விளிம்பில் சிவப்பாக வளையம் கட்டியது.
குமிழ்களை ஃபோனில் படம் பிடித்தேன்.
இரும்புக்கு ஞாபகம் கிடையாது,
நாளை யாரோ ஒருவரின் முழங்கை பட்டால்
இன்றைய நாள் போயிற்று.

வெளியே பெட்டி இருந்தால் அவசரப்பட முடியாது.
நாலு நிமிடம் பதினோரு வினாடிப் பாட்டு
பதிவாக
நாலு நிமிடம் பதினோரு வினாடி எடுக்கும்.
ஒரு வினாடிகூடத் தள்ளுபடி இல்லை.
மூச்சடக்கி உட்கார்ந்திருந்தோம்,
தலைக்குமேல் ட்ராம் போனபோதும்.

பிறகு, வெறும் பெருமைக்காக, ஒரு கணக்கு போட்டேன்.
பெட்டி தொடாத பாட்டைத் தலைகீழாக்கி
பெட்டி தொட்ட பாட்டின்மேல் வைத்தால்
ஒத்தது ஒத்ததைத் தின்றுவிடும்.
மிஞ்சுவது பெட்டி தந்தது.
"அந்த மிச்சத்துக்குத்தான் அவ்வளவு பணம், கேள்."

கேட்டோம்.
ஒலியைக் கூட்டினேன்.
இன்னும் கூட்டினேன், ஸ்பீக்கர் கிழியும் எல்லைவரை.

ஒன்றுமில்லை.
இரைச்சல் இல்லை. கொசு முனகல் இல்லை.
அப்படி ஒரு அமைதியை
அந்தக் கட்டடத்தில் நான் கேட்டதே இல்லை.

மத்தியானம் இரெனேயுஷ் தம்புரின் தட்டியபோது
பெட்டியின் சீற்றம் காதை அரித்ததென்று
திரும்பி வரும் தடத்தை ஊமையாக்கியவள் நான்.
பிறகு மறந்தவளும் நானே.
குரல் போயிருக்கிறது, இறுகியிருக்கிறது,
சூடேறித் திரும்பி வந்து
வாசலில் நின்றிருக்கிறது.
உள்ளே தாழ்ப்பாள்.
திரையில் ஒரு மஞ்சள் பொட்டு
சாயங்காலம் முழுக்க எரிந்துகொண்டே இருந்தது.
மூன்று பேரும் முள்ளையே பார்த்தோம்.
உப்புக்குச் சப்பாணி
பெட்டி அல்ல.

கலினாதான் முதலில் சிரித்தாள்,
சிரிப்பு இருமலாகி
நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும்வரை.
கம்பளியைப் பற்றி யாரும் பேசவில்லை.

பொட்டை அணைத்தேன்.
அதே குமிழ், அதே வரி, இம்முறை நிஜமாகவே.
குரல் முன்னால் வந்து
மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றியது.
அவள் மொழியின் ஷகரங்கள் எல்லாம்
தகரத்தில் மணலைக் கொட்டினாற்போல் கூசின.

"முன்னால் இருந்ததே..." என்று ஆரம்பித்த இரெனேயுஷ்
பாதியில் நிறுத்திக்கொண்டான்.
முன்னால் என்று ஒன்று இருக்கவே இல்லை.

நாலு குமிழையும் பூஜ்யத்துக்குத் திருப்பினேன்.
படத்தை மட்டும் அழிக்கவில்லை, ஏனென்று தெரியாது.
பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தேன்.
நன்றாகச் சுட்டது.

"முதலிலிருந்து" என்றாள் கலினா,
சூப்பைச் சுடவைக்க எழுந்துபோனாள்.